கவுன்சில் வரிப் பாக்கிக்குப் பெய்லிஃப் கடிதம் வந்தால்: கதவும் காரும் கட்டணமும்

லண்டனில் வாடகை வீட்டில் இருக்கும் உங்கள் அத்தானுக்குச் சென்ற ஆண்டு வேலை போய், உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியில் சில தவணைகள் தவறிவிட்டன. இப்போது ஓர் அமலாக்க நிறுவனம், பாக்கியோடு 75 பவுண்டு கட்டணத்தையும் சேர்த்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கவுன்சிலை அழைத்தால் "அவர்களிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கதவை உடைத்து உள்ளே வருவார்களா, காரையும் டிவியையும் எடுத்துப் போவார்களா, அக்காவின் விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் சிக்கலில் மாட்டிய நம்மவர்களுக்காகப் பல ஆண்டுகளாக இத்தகைய கடிதங்களைப் படித்துச் சொல்லி வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். வேல்ஸில் பெரும்பகுதி இதேதான். ஸ்காட்லாந்தில் சட்டமும் வேறு, வருபவரின் பதவியும் வேறு.

முதலில் நேரடி விடை. கவுன்சில் வரிப் பாக்கிக்காக வரும் பெய்லிஃப், அதாவது ஜப்திக்கு வரும் முகவர், முதல் முறை கதவை உடைத்து உள்ளே வர முடியாது. வெளியே நிற்கும் காரை அவர் பூட்டலாம். யாரும் கதவைத் திறக்காவிட்டாலும், அவர் வாசல் வரை வந்ததற்கே 235 பவுண்டு பாக்கியோடு சேர்ந்துவிடும். கவுன்சில் வரிப் பாக்கி குற்றமல்ல, கடன்தான். அதற்காக யாருடைய விசாவும் ரத்தாவதில்லை. பிற்காலத்தில் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையின் ஒரு பகுதியாகப் பண விஷயத்தில் நடந்துகொண்ட விதமும் பார்க்கப்படும் என்பதால், பாக்கியைத் தீர்த்ததற்கான தாள்களைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. இன்னொன்று, கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்தால் வரிக்கு இருவருமே முழுப் பொறுப்பாளிகள். கடிதம் அத்தான் பெயரில் மட்டும் வந்திருந்தாலும் அக்கா தனக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிட முடியாது.

கடிதம் வந்த பாதையைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பது விளங்கும். 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்த வரி ஆண்டு முழுவதற்குமாக விதிக்கப்படுகிறது. பொதுவாகப் பத்துத் தவணைகளில் கட்டுவதே வழக்கம். எழுதிக் கேட்டால் பன்னிரண்டாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாட்களுக்குள் அந்தத் தவணையைக் கட்டிவிட்டால் பழையபடி தொடரலாம். கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாட்களில் தவணை வசதியே பறிபோய், அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரேயடியாகக் கேட்கப்படும். மாதம் 150 பவுண்டு கட்ட முடியாமல் திணறியவரிடம் திடீரென்று 1,000 பவுண்டு கேட்கிற இந்த விதி யாருக்கு நன்மை செய்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். அதைப் பார்த்துப் பயந்து கோர்ட்டுக்குப் போவோரும் உண்டு, பயந்து பிரிக்காமலே வைப்போரும் உண்டு. அங்கே நடப்பது வழக்கு விசாரணை என்று நாம் நினைப்பதைப் போன்றதல்ல. நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கவுன்சில் முன்வைக்க, வரி முறைப்படி விதிக்கப்பட்டதா, கேட்கப்பட்டதா, கட்டப்படாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். வேலை போனது, உடம்பு சரியில்லாதது போன்ற காரணங்களுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. முடிவில், வரி கட்ட வேண்டியவர் இவரே என்று உறுதிசெய்யும் 'லயபிலிட்டி ஆர்டர்' என்ற ஆணை பிறக்கும். சம்மனுக்கும் ஆணைக்குமான செலவும் கடன்காரர் தலையில் ஏறும். இந்தச் செலவு நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும், அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கேட்க வரி செலுத்துபவருக்கு உரிமை உண்டு என்றும் 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடக்கு லண்டனின் ஹாரிங்கே கவுன்சில் கேட்ட 125 பவுண்டை எதிர்த்துப் பால் நிக்கல்சன் என்ற பாதிரியார் தொடுத்த வழக்கு அது. வேல்ஸில் இந்தச் செலவுக்கு 70 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது.

இந்த ஆணை கையில் வந்த பிறகே கவுன்சில் உங்கள் அத்தானின் கணக்கை நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஊரில் ஜப்திக்கு வருபவரைத் தமிழ்நாட்டில் அமீனா என்போம், இலங்கையில் பிஸ்கால் என்போம். இருவரும் நீதிமன்றத்தின் ஆட்கள். இங்கே கவுன்சில் வரிக்கு வருபவர் பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள். கவுண்டி நீதிமன்றம் அவருக்குச் சான்றிதழ் வழங்கியிருக்கும். அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயர் பொதுப் பதிவேட்டில் இருக்கும். 2014 ஏப்ரல் 6 முதல் சட்டத்தில் அவருக்கு 'அமலாக்க முகவர்' என்று பெயர் மாறியதே தவிர, மக்கள் வாயில் இன்னும் பெய்லிஃப்தான். அவருடைய நிறுவனத்துக்குக் கவுன்சில் பொதுவாக எதுவும் கொடுப்பதில்லை. அதன் வருமானம் முழுவதும் கடன்காரரிடம் வசூலிக்கும் கட்டணமே. ஏற்கெனவே பற்றாக்குறையில் ஓடும் கவுன்சில்களுக்கு இது ஏன் பிடித்துப்போனது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 2024 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் வசூலாகாமல் நின்ற கவுன்சில் வரி ஏறக்குறைய 600 கோடி பவுண்டு. அதே சமயம் இப்படித்தான் வசூலித்தாக வேண்டும் என்பதும் இல்லை. லண்டனின் ஹேமர்ஸ்மித் அன்ட் ஃபுல்ஹம் கவுன்சில், கவுன்சில் வரிக்குப் பெய்லிஃப் அனுப்பும் வழக்கத்தையே கைவிட்டது.

கட்டணம் மூன்று படிகளாக ஏறும். இது 2014இல் விதிக்கப்பட்ட அளவு: கணக்கு நிறுவனத்திடம் போனதும் 75 பவுண்டு, முகவர் முதல் முறை வீட்டுக்கு வந்ததும் 235 பவுண்டு, பொருளை விற்பனைக்கு எடுத்துச் செல்லும் கட்டம் வந்தால் 110 பவுண்டு. கடன் 1,500 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் நூற்றுக்கு ஏழரை வீதம் கூடும். 900 பவுண்டு பாக்கி நீதிமன்றச் செலவோடு 1,000 ஆகி, கடிதத்தோடு 1,075 ஆகி, ஒரு காலை நேரக் கதவுத் தட்டலோடு 1,310 ஆகிவிடும். வேறு ஆண்டுகளின் பாக்கிக்கும் ஆணைகள் இருந்தால் முதல் 75 ஒவ்வோர் ஆணைக்கும் தனித்தனியே வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே வர முடிந்த இடத்தில் வருகைக் கட்டணத்தை ஒருமுறைதான் போடலாம். மூன்று ஆணைகளுக்கு மூன்று 235 போட்டிருந்த ஒரு கணக்கை, இதை எடுத்துச் சொன்னதும் மறு கடிதத்தில் திருத்தி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அத்தான் இப்போது நிற்பது முதல் படியில். கடிதம் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளையும் பொது விடுமுறை நாட்களையும் கழித்து ஏழு முழு நாட்கள் கடந்த பின்னரே முகவர் வர முடியும். 235 பவுண்டைத் தடுக்க வாய்ப்புள்ள நாட்கள் இவையே.

இந்த நாட்களில் முதல் வேலை, வரியே சரியாகப் போடப்பட்டதா என்று பார்ப்பது. நான் பார்த்த கணக்குகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே குறைந்திருக்கின்றன. வீட்டில் கணக்கில் எடுக்கப்படும் பெரியவர் ஒருவர்தான் என்றால் 25 சதவீதம் கழிவு உண்டு. முழுநேர மாணவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். எல்லோருமே மாணவர்கள் என்றால் வரியே இல்லை. வெளிநாட்டு மாணவரின் துணை, விசா நிபந்தனைப்படி வேலை செய்யவோ அரசு உதவி பெறவோ முடியாதவராக இருந்தால் அவரையும் விட்டுவிடுவார்கள். நான்கு மாணவர்களோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட பையன் ஒருவன், தன் படிப்பு முடிந்த மறுநாளிலிருந்து அந்த வீட்டின் வரி, ஒற்றை ஆள் கழிவு போக, மொத்தமும் தன் ஒருவன் தலையில் விழும் என்பதை அறியாமல் இருந்து, பெய்லிஃப் கடிதத்தோடு வந்தான். மாறாக, ஒரே வீட்டில் ஒவ்வோர் அறையையும் தனித்தனி ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டிருந்தால், பல வேளைகளில் வரி கட்ட வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரரே. வாடகைதாரர் பெயரில் பில் வந்திருந்தால் அதைக் கவுன்சிலிடம் எழுத்தில் மறுத்து, அவர்கள் ஏற்காவிட்டால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

வருமானம் குறைந்தவர்களுக்குக் கவுன்சில் வரிக் குறைப்பு என்று ஓர் உதவி இருக்கிறது. 2013க்குப் பிறகு உழைக்கும் வயதினருக்கான விதிகளை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கிறது என்பதால் பக்கத்துத் தெருவில் கிடைப்பது இங்கே கிடைக்காமலும் போகலாம். இங்கே நம்மவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். விசாவில் அரசு நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் இந்தக் குறைப்புக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அது அரசு நிதிப் பட்டியலில் உள்ளது. ஆனால் மேலே சொன்ன 25 சதவீதக் கழிவும் மாணவர் விலக்கும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைப் பயமின்றிக் கேட்கலாம். இரண்டையும் ஒன்றென நினைத்து, விசாவுக்குப் பயந்து, கிடைக்க வேண்டிய கழிவை விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. உங்கள் அக்காவின் விசா எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கி சரிதான் என்றால், மாதா மாதம் உண்மையிலேயே கட்டக்கூடிய தொகையைக் கணக்கிட்டு, வரவு செலவுத் தாளோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள். அதன் நகல் கவுன்சிலுக்கும் போகட்டும். தொலைபேசியில் பேசினால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்வார்கள். அந்த நெருக்கடியில் ஒப்புக்கொண்டு, இரண்டாவது மாதமே தவறினால் ஏற்பாடு முறிந்து முகவர் வந்துவிடுவார். ஆகவே, கட்ட முடியாத தொகையை ஒப்புக்கொள்வதைவிட, ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டுக் கட்ட முடிந்ததைக் கவுன்சிலின் கணக்கில் மாதம் தவறாமல் நேரடியாகக் கட்டிவருவதே மேல் என்பது என் கருத்து. இதனால் நிறுவனத்தின் கட்டணம் மறைந்துவிடாது என்றாலும், பின்னால் முறையிடும்போது அந்த ரசீதுகள் பேசும். "அவர்களிடமே பேசுங்கள்" என்று கவுன்சில் சொன்னதை முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம். கடன் கவுன்சிலுடையது, கணக்கை நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெறும் அதிகாரமும் அதற்கு உண்டு. வீட்டில் நோயாளியோ கர்ப்பிணியோ மனநலச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் அதை இருவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆங்கிலம் பேசவோ படிக்கவோ சிரமப்படுவதும், 2014இல் அரசு வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களுக்கான அடையாளங்களில் ஒன்று. பாதிப்புக்குள்ளாகக் கூடியவருக்கு ஆலோசனை பெறப் போதிய வாய்ப்பளிக்காமல் சாமான்களை எடுக்கப் போனால், 235 பவுண்டையும் அதற்கு மேற்பட்ட கட்டணத்தையும் அவரிடம் வசூலிக்க முடியாது.

மற்றக் கடன்களும் சேர்ந்து நெருக்கினால், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய இலவச அமைப்புகளில் ஒன்றை நாடலாம். 2021 மே மாதத்திலிருந்து 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற அவகாசம் சட்டத்தில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்து அது கிடைத்தால், அறுபது நாட்களுக்குப் பெய்லிஃப் நடவடிக்கை நிற்கும். கவுன்சில் வரிப் பாக்கியும் அதில் அடங்கும். நாமாக நேரடியாக விண்ணப்பிக்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு காலையில் கதவு தட்டப்பட்டால் என்ன செய்வது? முகவர் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் வரலாம். வாசல் வழியாக, வன்முறையின்றி மட்டுமே நுழையலாம். சன்னல் வழியாக ஏறக் கூடாது. கதவுக்கிடையில் காலை நுழைத்தோ ஆளைத் தள்ளிவிட்டோ வரக் கூடாது. ஆனால் பூட்டாத கதவைத் தானே திறந்து உள்ளே வந்தால் அது முறையான நுழைவு. எனவே அந்த நாட்களில் முன்கதவும் பின்கதவும் பூட்டியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். வீட்டில் 16 வயதுக்குட்பட்டவர்கள் மட்டும் இருந்தால் அவர் நுழையவே கூடாது. பேச வேண்டுமென்றால் மேல் சன்னலிலிருந்தோ கடிதம் போடும் துளை வழியாகவோ பேசலாம். அடையாள அட்டையையும் சான்றிதழையும் காட்டச் சொல்லலாம். "ஒரு கையெழுத்துப் போட மட்டும் உள்ளே வரட்டுமா", "டாய்லெட் போகலாமா" என்று கேட்டால், நம் வீட்டுப் பழக்கப்படி "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை உள்ளே வந்து, சாமான்களைப் பட்டியலிட்டு, தவணை தவறினால் எடுத்துச் செல்லலாம் என்று கையெழுத்து வாங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அந்த ஒப்பந்தம் மீறப்பட்டால், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பூட்டுத் தொழிலாளியோடு வந்து கதவைத் திறக்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். கதவை உடைத்தார்கள் என்று நாம் கேள்விப்படும் கதைகள் பலவும் இந்த வகையாக இருக்கும், அல்லது கவுன்சில் வரிக்கல்லாமல் குற்றவியல் நீதிமன்ற அபராதத்துக்காக வந்தவையாக இருக்கும். அபராதத்துக்கு முதல் முறையே கதவை உடைக்கும் அதிகாரம் உண்டு. ஆகவே கடிதத்தில் எதற்கான பாக்கி என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கதவு திறக்காவிட்டால், துளை வழியாக ஒரு தாள் விழும். பெரிய எழுத்தில் 'சாமான்கள் அகற்றப்படும்' என்று அச்சிட்டு, கீழே பேனாவால் ஒரு கைப்பேசி எண்ணும், "இன்று 2 மணிக்கு வேனுடன் திரும்புவேன், நீங்கள் இல்லாவிட்டாலும்" என்பது போன்ற ஒரு வரியும் இருக்கும். சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டிய ஓர் அம்மாவிடம் அப்படியான தாள்கள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றும் "இன்று" என்றே சொன்னது. ஐந்து மாதங்களில் யாரும் உள்ளே வரவில்லை. அவர் நடுங்கிக்கொண்டே கடன் வாங்கி 400 பவுண்டு கட்டியது மட்டும் நடந்திருந்தது.

காரின் விஷயம் வேறு. வீட்டுக்குள் வராமலே கையில் சிக்குவது அதுதான் என்பதால், முகவர் முதலில் பார்ப்பது வீட்டு முன்றிலையும் தெருவையும்தான். சக்கரத்தில் பூட்டு மாட்டிவிட்டால் அதை உடைப்பது குற்றமாகிவிடும். தவணைக் கடனில் வாங்கிய, இன்னும் நிதி நிறுவனத்தின் சொத்தாக உள்ள காரை எடுக்க முடியாது. ஊனமுற்றோருக்கான நீல அட்டை வைத்துப் பயன்படுத்தும் வாகனத்தையும் எடுக்க முடியாது. தொழிலுக்கு அவசியமான கருவிகள், வாகனம் எல்லாம் சேர்த்து 1,350 பவுண்டு மதிப்புக்குள் இருந்தால் அவற்றுக்கும் விலக்கு. டெலிவரி ஓட்டிப் பிழைப்பவரின் பழைய கார் இதில் அடங்கும் என்பதை, காப்பீட்டுத் தாளையும் வருமானத் தாளையும் காட்டி நிறுவ வேண்டும். அதுவரை வண்டியைச் சற்றுத் தூரத்தில், வேறொருவரின் முன்றிலில் நிறுத்துவது பலரும் செய்வது. வீட்டுக்குள் இருப்பவற்றில் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில் மெத்தை, உண்ணும் மேசை நாற்காலி, கைப்பேசி போன்ற அன்றாடத் தேவைகளுக்கு விலக்கு உண்டு. டிவியும் சோபா செட்டின் கூடுதல் இருக்கைகளும் விலக்கில் வராமல் போகலாம், அவர் உள்ளே வந்திருந்தால்.

பெய்லிஃப் வெறுங்கையோடு திரும்பினால் கணக்கு கவுன்சிலுக்கே திரும்பும். அதோடு கடன் தீர்ந்துவிடாது. அதே ஆணையை வைத்து, வேலை கிடைத்ததும் சம்பளத்தில் நேரடியாகப் பிடிக்கச் சொல்லி முதலாளிக்கு உத்தரவு அனுப்பலாம். இங்கிலாந்தின் அட்டவணைப்படி மாதம் கையில் வரும் சம்பளம் 1,420 பவுண்டுக்கு மேல் 2,020 வரை இருந்தால் 17 சதவீதம் பிடிப்பார்கள். 2,020ஐத் தாண்டிய பகுதியில் பாதியைப் பிடிப்பார்கள். கையில் 1,900 வருபவருக்கு 323 பவுண்டு போகும். வாடகைக்கு மிஞ்சியதில் இது சிறு தொகையல்ல. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுபவரானால் அதிலிருந்து சிறு தொகையாகப் பிடிக்கலாம். மாதத் தொகை குறைவு, கட்டணமும் இல்லை என்பதால், ஏழைக் குடும்பங்களுக்கு நான் இதையே கவுன்சிலிடம் கேட்டு வாங்கச் சொல்வேன். ஓர் ஆணையின் மீது ஒரே நேரத்தில் ஒரு வழியைத்தான் பயன்படுத்தலாம். சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கையில் அதே பாக்கிக்குப் பெய்லிஃபையும் அனுப்பக் கூடாது. சொந்த வீடு இருந்து பாக்கி 1,000 பவுண்டுக்குக் குறையாமல் இருந்தால் கடனுக்கு ஈடாக வீட்டின் மீது பற்று வைக்கலாம்.

சிறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் யாராவது உங்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வேண்டுமென்றே கட்டவில்லை அல்லது அலட்சியத்தால் கட்டவில்லை என்று நீதிமன்றம் விசாரித்துக் கண்டால் மூன்று மாதம் வரை சிறை வைக்க இங்கிலாந்துச் சட்டத்தில் இடமுண்டு. பெய்லிஃபால் எதுவும் எடுக்க முடியாமல் போன பிறகே கவுன்சில் அதற்கு விண்ணப்பிக்க முடியும். பணமில்லாதவரை அப்படி அனுப்ப முடியாது. வேல்ஸின் போர்த்கால் ஊரைச் சேர்ந்த ஒரு தாய் 2016இல் இந்தப் பாக்கிக்காக 40 நாட்கள் சிறையிலிருந்தார். அது சட்டவிரோதம் என்று பின்னர் உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஏப்ரலில் வேல்ஸ் அந்தத் தண்டனையையே நீக்கிவிட்டது.

முகவர் முறைகேடாக நடந்தால், நாள், நேரம், வாசல் கேமரா பதிவு ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும் முறையிடுங்கள். முகவரின் செயலுக்குக் கவுன்சிலே பொறுப்பு என்ற அடிப்படையில் உள்ளாட்சி ஓம்புட்ஸ்மன் இத்தகைய முறையீடுகளை விசாரிக்கிறார். அவரிடம் போகும் முன் கவுன்சிலின் இறுதிப் பதில் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, அத்தானின் வீட்டில் நீங்களும் தங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மடிக்கணினி, உங்கள் பெயரில் உள்ள கார் ஆகியவற்றை அவருடைய கடனுக்கு எடுக்க முடியாது. ஆனால் அவை உங்களுடையவை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். காரின் பதிவுப் புத்தகம் மட்டும் உரிமைக்குச் சான்றாகாது. வாங்கிய ரசீதையும் பணம் போன வங்கித் தாளையும் இன்றே தேடி, கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.